சொந்த மைதானம் யாருக்குச் சொந்தம்?

கோல்ப் ஆடும் கனவான்கள் இரண்டு பேர் சந்தித்தால், "தங்கள் சொந்த மைதானம் எது?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். உடனே பெருமை ஆரம்பமாகிவிடும். ஒருவர், 1895-ல் ஏற்பட்ட தங்கள் கோடைக்கானல் கிளப்பில் மஞ்சு இறங்கினால் அடித்த பந்து போன திக்குத் தெரியாதென்பார். மற்றொருவர், 1829-ல் ஏற்பட்ட தங்கள் கல்கத்தா கிளப்பைவிட மூத்தது பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே கிடையாதென்பார். டில்லிக்காரரோ தங்கள் புல்தரை நடுவே சுல்தான்கள் காலத்துச் சமாதிகளே இருக்கின்றனவென்று மீசையை முறுக்குவார்.

அழகான இடங்கள்தான், நாம் மறுக்கவில்லை. நாலேகால் அங்குல அகலமுள்ள 18 குழிகளில் ஒரு சின்னப் பந்தைத் தடியால் அடித்து அடித்து விழவைக்கும் இந்த ஆட்டத்திற்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலமும், வருஷமெல்லாம் புல் வாடாதபடி தண்ணீரும் வேண்டும். பேரிலே குளத்தை வைத்துக்கொண்டு, ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் கம்பும் பருத்தியும் விதைக்கிற நம் குளத்தூர்ச் சம்சாரி அந்தப் பச்சையைப் பார்த்தால், இது என்ன வெள்ளாமை என்றுதான் கேட்பான். போகட்டும். ஆட்டத்தின்மேல் நமக்குக் கோபமில்லை. "சொந்தம்" என்கிற அந்த வார்த்தையைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சென்னைக் கிண்டியைப் பாருங்கள். குதிரைப் பந்தய வளையத்துக்குள்ளே ஜிம்கானா கிளப்பார் கோல்ப் ஆடி வந்த இடம் உட்பட 160 ஏக்கர் சர்க்கார் நிலம், 1945-ல் பந்தயக் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சில்லறை! ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை. 2023-ல் ஹைக்கோர்ட்டு 730 கோடிக்கு மேல் வாடகைப் பாக்கியைக் கட்டச் சொல்லிற்று. 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்துச் செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. வேளச்சேரிப் பக்கத்து வெள்ளம் குறைய அங்கே இப்போது குளம் வெட்டியிருக்கிறார்கள்.

டில்லிக் கிளப்பும் சர்க்கார் குத்தகை நிலத்தில்தான் இருக்கிறது. 2017-ல் ஒரு மெம்பரின் விருந்தாளியாகப் போன மேகாலயா மாதை, அவர் கட்டியிருந்த தம் நாட்டு உடை வேலைக்காரி உடைபோல் இருக்கிறதென்று சொல்லிச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். பத்திரிகைகள் எழுதிய பின்னர்தான் கிளப்பார் வருத்தம் தெரிவித்தார்கள். வேலைக்காரியாகவே இருந்தால்தான் என்ன? பசி என்ன உடையைப் பார்த்தா வருகிறது?

இனி, கனவான்களின் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பின்னாலேயே நடக்கிற பிள்ளையின் சங்கதி. அவனுக்கு அங்கே "கேடி" என்று பெயர். (நம் ஊரில் அது போலீஸ் பட்டியலில் இருப்பவன் பெயர்!) அதே டில்லி மைதானத்தில் பை தூக்கிய அலி ஷேர் என்பவர்தான் 1991-ல் இந்தியன் ஓப்பன் பந்தயத்தை ஜெயித்தார். அதற்கு முன் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் அதை ஜெயித்ததில்லை. தடி கையில் கிடைத்தால் யோக்கியதை தானே வெளிவருகிறது.

ஆட்டத்தின் தாய்வீடான ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸில் என்ன நடக்கிறது? அந்தப் பழைய மைதானம் ஊர்ப் பொதுச் சொத்து. பெரிய பந்தயங்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டமே கிடையாது. ஊர் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடும் நாயோடும் புல்லில் உலாவுகிறார்கள். புல் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை.

வெள்ளைக்காரனிடமிருந்து தடியையும் தொப்பியையும் வாங்கி வந்த நம் கனவான்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்? சர்க்கார் நிலத்தில் ஆடுகிற கிளப்புகளாவது வாரத்தில் ஒரு நாள் கதவைத் திறக்கட்டும். பை தூக்கும் பிள்ளைக்கு அன்று ஒரு தடியும், சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலியும் போடட்டும்.