கமுதியிலிருந்து சென்னைக்கு 34 நிமிடமா?

இரண்டு ஊர்களின் பெயர்களை டைப் செய்தால், இடையிலுள்ள தூரத்தையும் பயண நேரத்தையும் உடனே சொல்லும் இணையத் தளங்கள் நிறைய உள்ளன. கட்டணம் கிடையாது. ஆனால் அந்த நேரத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது என்பது என் கருத்து.

இவை எப்படிக் கணக்கிடுகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் உண்டு. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. கமுதி 9.4 டிகிரியிலும் சென்னை 13.1 டிகிரியிலும் உள்ளன. வடக்கு நோக்கி மட்டுமே 400 கி.மீ.க்கு மேல் வருகிறது. கிழக்கே விலகியிருப்பதையும் சேர்த்தால் நேர்கோட்டில் சுமார் 455 கி.மீ. இதை விமான வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்தால் விடை 34 நிமிடம்!

கணக்கு சரிதான். ஆனால் கமுதியில் விமான நிலையம் இல்லை; ரயில் நிலையமும் இல்லை. இது அந்த புரோகிராமுக்குத் தெரியாது.

உண்மையான கணக்கைப் போடுவோம். மதுரையில் காலை 10 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுண்டரைப் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். எனவே எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். அருப்புக்கோட்டை வழியாகச் செல்ல, கமுதியில் 6 மணிக்காவது புறப்பட வேண்டும். விமானம் சென்னையில் இறங்க ஏறக்குறைய 11.20 ஆகும். பெட்டியை எடுத்து, மெட்ரோ ரயில் பிடித்து சென்ட்ரல் போய்ச் சேரும்போது பகல் ஒரு மணியை நெருங்கிவிடும். மொத்தம் ஏழு மணி நேரம்! சாலை வழியே தூரம் 500 கி.மீ.க்கு மேல், இரவுப் பேருந்தில் சுமார் பத்து மணி நேரம். மிச்சமாவது மூன்று மணி நேரம்தான். அதுவும் பேருந்தில் போனால் தூங்கும் நேரத்தில் பயணம் முடிந்துவிடுகிறது.

இன்னோர் உதாரணம். ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 90 கி.மீ.கூட இல்லை. காரில் ஒன்றரை மணி நேரம் என்று வகுத்துச் சொல்வது கம்ப்யூட்டருக்கு எளிது. நடுவில் இருப்பது கடல்!

சென்னையில் டாக்டரிடம் நேரம் வாங்கியவருக்கும், நேர்முகத் தேர்வுக்குப் போகும் மாணவருக்கும் இது விளையாட்டல்ல. விமான டிக்கெட்டுக்குப் பணத்தைக் கொட்டிய பிறகும் நேரம் தவறிப்போகலாம்.

சாலை வழியைப் பின்பற்றும் கூகுள் மேப்ஸ் போன்றவை இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் சிற்றூர்ப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தை நாம்தான் சேர்க்க வேண்டும். எக்ஸெல்லில் ஐந்து வரிசைகள் போதும்: வீட்டிலிருந்து நிலையம், காத்திருப்பு, பயணம், வெளியே வருதல், சேருமிடம். ஒவ்வொன்றுக்கும் நிமிடங்களைக் கொடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

தளங்களை உருவாக்குவோருக்கும் ஒரு வேண்டுகோள். ‘இது நேர்கோட்டுத் தூரம்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அருகிலுள்ள விமான நிலையத்தையும் காட்டுங்கள். விமான நிலையம் இல்லாத ஊர்களில்தான் நம்மில் பெரும்பாலோர் வசிக்கிறோம்.