குழுவில் யார் உட்காரப் போகிறார்கள்?

மேலத்தெரு, கீழத்தெரு, குளத்தங்கரை, காலனித்தெரு என எல்லாத் தெருவிலும் இருக்கும் பெரியவர்களே, அண்ணன், அக்காமார்களே,

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஊருக்காகப் பணம் சேர்த்து வருவது உங்களுக்குத் தெரியும். அதைச் செலவிட ஒரு குழு அமையப் போகிறது. இப்போது பேச்சில் அடிபடும் பெயர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள். மீதி மேலத்தெருக்காரர்கள். காலனித்தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. பட்டியலை முடிவு செய்வதற்கு முன், நான் இருக்கும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ராக்ஸ்பரியும் டார்செஸ்டரும் சேரும் இடத்தில் டட்லி தெரு இருக்கிறது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், கேப் வெர்டே தீவுக்காரர்கள், கொஞ்சம் வெள்ளையர் என்று கலந்து வாழும் பகுதி. 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒரு வரைபடம் போட்டது. கடன் கொடுத்தால் ஆபத்து என்று அது கருதிய இடங்களுக்குச் சிவப்பு வண்ணம். ராக்ஸ்பரியிலும் அந்தச் சிவப்பு விழுந்தது. கடன் வராத தெருவில் வீட்டுக்கு மராமத்து நடக்காது. வசதியுள்ள வெள்ளையர்கள் கிளம்பிப் போனார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தப்பட்ட வீடுகளும் உண்டு. 1980களில் சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் எங்கிருந்தோ வந்த லாரிகள் அழுகிய இறைச்சியையும் பழைய ஃபிரிட்ஜையும் கட்டட இடிபாட்டையும் கொட்டிவிட்டுப் போயின. ஏழைகளின் தெரு என்றால் கேட்க ஆளில்லை என்ற தைரியம்தான் காரணம். நம் பக்கத்திலும் ஊர்க் கழிவெல்லாம் எந்தத் தெருவை ஒட்டிப் போய்ச் சேருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1984இல் டட்லி தெரு அக்கம்பக்க முன்முயற்சி என்ற அமைப்பு உருவாகத் தொடங்கியது. ஓர் அறக்கட்டளை பணம் தர முன்வந்தது. தொண்டு நிறுவனங்கள் கூடித் திட்டம் போட்டன. மறு வருடம் அதை ஒரு தேவாலயக் கூட்டத்தில் மக்கள் முன் வைத்தார்கள். நிர்வாகக் குழுவில் 23 இடம். அதில் அங்கே குடியிருப்பவர்களுக்கு 4. மக்கள் எழுந்து, மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் வசிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். மேடையில் இருந்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. திட்டம் மாறியது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது இதற்கு அடுத்து நடந்ததுதான். கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், கேப் வெர்டேக்காரர்கள், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவுக்கும் குழுவில் சம எண்ணிக்கையில் இடம் ஒதுக்கினார்கள். யார் எத்தனை பேர் என்று தலை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் சின்னக் கூட்டம் என்றைக்கும் கைகட்டித்தான் நின்றிருக்கும்.

முதலில் குப்பையை எடுத்துக்கொண்டார்கள். 1986இல் ‘எங்கள் மேல் கொட்டாதே’ என்று போராடி, சட்டவிரோதக் குப்பைக் கிடங்குகளை மாநகராட்சியே மூடும்படி செய்தார்கள். பிறகு மனைகள். அவற்றின் உரிமையாளர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். 1988இல் பாஸ்டன் நகரம், காலி மனைகளை ஆர்ஜிதம் செய்யும் அதிகாரத்தை அந்த அமைப்பிடமே கொடுத்தது. நமக்கு நில ஆர்ஜிதம் என்றால் கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸும் வயிற்றைக் கலக்கும் பயமும்தான். அங்கே அந்த அதிகாரம் தெருவாசிகளின் கைக்கு வந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் 20 லட்சம் டாலர் கடனில் நிலத்தை வாங்கி, பொது நில அறக்கட்டளையின் பெயரில் வைத்தார்கள். வீடு குடும்பத்துக்குச் சொந்தம்; அடியில் இருக்கும் மண் 99 வருடக் குத்தகை. விற்கும்போது விலைக்கு வரம்பு உண்டு. ஆகவே பின்னால் வரும் ஏழைக் குடும்பமும் வாங்க முடியும். இன்று 200க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி இருக்கின்றன.

இந்த நில அறக்கட்டளை முறையின் வேரில் நம் மண்ணும் இருக்கிறது. 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காக இதை முதலில் தொடங்கியவர்களுக்கு, நிலத்தை ஊர்ப் பொதுவாக்கச் சொன்ன வினோபா பாவேயின் கிராமதான இயக்கமும் ஒரு முன்மாதிரி. அதே கிராமதானத்துக்காகத் தமிழ்நாடெங்கும் நடந்தவர்கள்தான் சர்வோதயத் தம்பதியான ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு அவர்கள் நம் தஞ்சைப் பகுதிக்கே வந்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, அதிலும் பெண்கள் பெயரில், நிலம் வாங்கித் தந்தார்கள். நம்மில் பலருக்கு அந்தக் குடும்பங்களைத் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. குழுவில் ஊரில் வசிப்பவர்களே பெரும்பான்மையாக இருக்கட்டும். ஒவ்வொரு தெருவுக்கும் சம இடம். காலனித்தெருவுக்கும் அதே அளவு. தெருவுக்கு ஒரு பெண்ணாவது கட்டாயம். வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு இரண்டு இடம் போதும். எதற்கு முதலில் பணம் என்பதை அந்தக் குழுவே முடிவு செய்யட்டும். மண்டப வேலை முக்கியம் என்று மேலத்தெரு சொல்லலாம். மழைக்காலத்தில் இடுப்பளவுச் சேற்றில் பாடை தூக்கிப் போகிறவர்கள் மயானப் பாதையைக் கேட்கலாம். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும். கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல், எல்லோரும் தயங்காமல் வரக்கூடிய பள்ளிக்கூடத்தில் வையுங்கள். பெயர்கள் அப்படி முடிவான பிறகே என் பங்குப் பணத்தை அனுப்புவேன்.

அன்புடன்,
பாஸ்டனிலிருந்து உங்கள் மேலத்தெருப் பெண்