கரோ-கான் பயந்தாங்கொள்ளி ஆட்டமா?

வெள்ளை ஈ4 ஆடினதும் கறுப்பு சி6 வெச்சா "இவன் டிராவுக்குத்தான் ஆடுறான்"னு சொல்றவங்க நிறைய பேர். எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

கரோ, கான்னு ரெண்டு பேர் 1886-ல் அலசினதால வந்த பேரு இது. அடுத்து வெள்ளை டி4, கறுப்பு டி5. சி6 சிப்பாய் டி5-க்கு முட்டுக் கொடுக்குது. பிரெஞ்சு டிஃபென்ஸ்ல அந்த வேலையை ஈ6 சிப்பாய் செய்யும். ஆனா சி8 பிஷப்போட வழியை அடைச்சிடும். இங்க வெள்ளை ஈ5 தள்ளினா, பிஷப் முதல்ல எஃப்5-க்கு வந்துடும். அப்புறம்தான் ஈ6.

பலரும் இதோட நிறுத்திடறாங்க, அங்கதான் மூச்சு முட்டுது! வெள்ளைச் சிப்பாய்களோட அஸ்திவாரம் டி4. அதை இடிக்க, சி6 சிப்பாய் மறுபடி சி5 போயே ஆகணும். ஒரே சிப்பாய்க்கு ரெண்டு நகர்வு வீணில்லையான்னு கேட்கலாம். பிஷப் வெளிய வந்ததுக்கு அது விலை, அவ்வளவுதான்.

1961 உலகப் பட்டப் போட்டியில தாலுக்கு எதிரா போட்வின்னிக் மூணாவது நகர்வுலயே சி5 தள்ளியும் ஆடினார். பட்டத்தையும் மீட்டார். இதுவா பயந்தாங்கொள்ளித்தனம்?

அடுத்த முறை கரோ-கான் ஆடும்போது, சி5 எப்பன்னு யோசிச்சுக்கிட்டே ஆடிப் பாருங்க.