அழுதுட்டுப் போகட்டுமே...

முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் 2004 டிசம்பர் 26 ஞாபகம் வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. இதே கடல்தான் ஏறி வந்தது. அப்படி ஆளையே இழந்தவங்ககிட்ட போய், "விசுவாசி அழக்கூடாது, சந்தோஷமா இருக்கணும்"னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியலை. லாசருவின் கல்லறையில் இயேசுவே அழுதாரே!

அப்போ வேதனையில் சந்தோஷமே கிடையாதா? இருக்கு. ஆனா அதை வலியில் இருக்கிறவங்க சொல்லணும்.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931ல் கீழே விழுந்து அடிபட்டார். 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அங்கிருந்தே மற்ற நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள் 1933ல் 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' என்று புத்தகமாச்சு. வலி போகலை. ஆனாலும் அடுத்தவங்க வலியை நினைக்க முடிஞ்சது. என்னைக் கேட்டால், கிறிஸ்தவ சமாதானம் அதுதான்.

நல்லா இருக்கிற நாம உபதேசம் பண்ண வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.