துக்க வீட்டிற்குப் பார்வோன் அனுப்பிய இரதங்கள்

தியானப் பகுதி: ஆதியாகமம் 37:31-35, 50:1-14



யாக்கோபின் குடும்பத்தில் நேர்ந்த இரண்டு துக்கங்களை ஆதியாகமம் நமக்குக் காட்டுகிறது. முதலாவது துக்கத்தில் சடலம் இல்லை. இரத்தம் தோய்ந்த ஓர் அங்கி மட்டுமே தகப்பனிடம் கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் எல்லாரும் கூடி நின்று தேற்றியும் அவன் தேறவில்லை. இரண்டாவது துக்கம் யாக்கோபின் மரணத்தால் வந்தது. எகிப்தியர் எழுபது நாள் துக்கம் அனுசரித்தார்கள். தகப்பனை அடக்கம் செய்ய யோசேப்பு அனுமதி கேட்டான்; பார்வோன் மறுக்கவில்லை. அரண்மனைப் பெரியோரும் இரதங்களும் குதிரை வீரரும் கானான் தேசம் மட்டும் உடன் சென்றனர். இறந்தவன் எகிப்தியன் அல்லன். பார்வோனின் தெய்வங்களை வணங்கியவனும் அல்லன். ஆயினும் ஓர் அரசு தன் ஆட்களையும் வாகனங்களையும் கொடுத்து அவனுடைய வீட்டாரின் துக்கத்தில் பங்கு கொண்டது.

எத்தனையோ முறை இப்பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். அந்த இரதங்களை நான் கவனித்ததே இல்லை. அவற்றைக் கவனிக்கச் செய்தவர் நம்முடைய சபையின் சகோதரி ஒருவர். அவருடைய அனுமதியுடனும் அடையாளம் தவிர்த்தும் இதை எழுதுகிறேன்.

அவருடைய கணவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். மூன்றாம் நாள் ஜெபத்திற்குச் சென்றேன். நாற்பதாம் நாளிலும் சென்றேன். அதன்பின் அவர் ஞாயிறுதோறும் தவறாமல் ஆலயத்திற்கு வந்தபடியால், தேறிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். எட்டு மாதங்கள் கழித்து அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, நீங்க வந்தா ஜெபம் பண்ணிட்டுப் போயிருவீங்க. எனக்குப் பேசணும்னு இருந்துச்சு. உங்ககிட்ட அதைக் கேக்க வாய் வரல்ல."

அவர் முதன்முதலாக மனம்விட்டுப் பேசியது யாரிடம் தெரியுமா? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வீட்டிற்கு வந்த தன்னார்வலரான ஒரு பெண்ணிடம். "ராத்திரி தூங்குறீங்களாக்கா?" என்ற அந்தப் பெண்ணின் ஒரே கேள்விக்கு எட்டு மாதக் கண்ணீர் பதிலாக வந்தது. அந்தப் பெண்ணுக்குத் துக்கத்தில் இருப்போரிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் கற்பிக்கவில்லை. அவர் இன்னும் பல வீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது. ஆயினும் அரை மணி நேரம் அமர்ந்திருந்தார். இறையியல் கற்ற நான் செய்யத் தவறியதை அவர் செய்தார். இதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. மரணத்திற்காக நம்முடைய அரசு செலவு செய்யாமல் இல்லை. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை அமரர் ஊர்தி இலவசமாக வீடு சேர்க்கிறது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குட்பட்ட, சம்பாதிக்கும் உறுப்பினர் இறந்தால், தேசியக் குடும்ப உதவித் திட்டம் 20,000 ரூபாய் வழங்குகிறது. இவை நல்லவை, இவற்றிற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் இந்த உதவிகள் எல்லாம் உடலோடும் ஆவணத்தோடும் முடிவடைகின்றன. உறவினர் ஊர் திரும்பி, வீடு அமைதியான பின்னரே துக்கம் உண்மையாகத் தொடங்குகிறது. அந்த மாதங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பணம் எங்கே? அனுப்பப்படும் மனிதர் எங்கே?

நம்முடைய குமரி மாவட்டம் இக்கேள்வியை நன்கு அறியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. அநேகருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கருத ஏழாண்டுகள் காத்திருக்கவேண்டும் என்பது சட்டத்தின் பொதுவிதி. அதைத் தளர்த்தி, குடும்பத்திற்கு 20 லட்சம் ரூபாய் என்று அரசு நிவாரணம் அளித்தது. அது நியாயமான, பெரிய உதவி. ஆனால் அந்தத் தொகையைப் பெறுவதற்காக, கரையில் காத்திருந்த மனைவி தன் கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. யாக்கோபின் கையிலாவது ஓர் அங்கி இருந்தது. அப்பெண்களில் பலருக்கு அதுவும் இல்லை. உடல் கிடைக்காத இத்தகைய இழப்பு மனிதரை ஆண்டுக்கணக்கில் நடுவழியில் நிறுத்திவிடும் என்பதை அமெரிக்க அறிஞர் பவுலின் பாஸ் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நாம் என்ன செய்தோம்? அரிசியும் போர்வையும் கொண்டு சென்றோம். மறு ஆண்டு அந்த வீடுகளுக்கு நான் திரும்பிப் போகவில்லை.

இங்கே நீங்கள் ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும்: துக்கம் நோயா? அதற்கு அரசும் மருத்துவரும் எதற்கு? ஜெபமும் உறவும் சபையும் போதாதா?

இம்மறுப்பில் உண்மை உண்டு. துக்கம் நோய் அன்று. அது அன்பு செலுத்துகிற விலை. பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது மருந்து அல்ல, கேட்கிற செவியே. ஆயினும் சிலருக்குத் துக்கம் தணியாமல் இறுகிவிடுகிறது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அன்றாட வாழ்வையே முடக்குகிற துக்கத்தை, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு தனியாகக் குறித்துள்ளது. அப்படிப்பட்டவரை நாம் எவ்வாறு கண்டறிவோம்? என் சபையில் நான்காம் வரிசையில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவரையே என்னால் கண்டறிய முடியவில்லையே!

மேலும், சபை தன்னுடையவர்களையே அறியும். நம் தெருவிலுள்ள இந்து சகோதரியின் வீட்டிற்கும், இஸ்லாமிய முதியவரின் வீட்டிற்கும், வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்து உடன்பிறந்தவனை இழந்த இளைஞனின் தங்குமிடத்திற்கும் யார் போவது? பிறந்தவுடனே குழந்தையை இழந்த தாய்க்கு நாம் ஓர் ஆராதனையும் நடத்துவதில்லை. ஆகவே இப்பணிக்கான பொதுப்பணம் நம் சபைகளுக்கு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்த வீட்டாரும் எந்த ஜெபத்திற்கும் கட்டுப்படாமல் பெற்றுக்கொள்ளத்தக்க பொதுச் சேவைக்கே அது செல்லவேண்டும்.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த ஊழியருக்கு இரண்டு வாரத் துக்க விடுப்பு சட்டப்படியான உரிமை. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டின் பணம் பெறும் அந்திமகாலப் பராமரிப்பு நிறுவனங்கள், நோயாளி இறந்தபின் ஓராண்டு வரை குடும்பத்தாருக்கு ஆற்றுப்படுத்தும் ஆலோசனை அளிக்கக் கடமைப்பட்டவை. ஆனால் அதற்கென்று தனித்தொகை தரப்படுவதில்லை. கடமையை எழுதிவிட்டுப் பணத்தை எழுதாமல் விட்டால் அப்பணி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை நாம் எண்ணிப்பார்க்கவேண்டும். அருகிலுள்ள கேரளம் 2008-இல் வலி தணிப்புப் பராமரிப்பிற்கென அரசுக் கொள்கை வகுத்தது. அங்கே உள்ளாட்சிகளின் நிதியில் செவிலியர் வீடுதேடிச் செல்கின்றனர். நோயாளியின் மரணத்திற்குப் பின் குடும்பத்தைத் தாங்குவதும் வலி தணிப்புப் பராமரிப்பின் ஒரு பகுதியே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

நம் மாநிலத்தில் புதிய கட்டடம் எதுவும் எழுப்பவேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. அந்த எண்ணை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் துக்கத்தில் அமிழ்ந்தவர் பெரும்பாலும் தொலைபேசியை எடுப்பதில்லை. அவரைத் தேடியே செல்லவேண்டும். ஆகவே நான் கேட்பது இவ்வளவே: மரணம் பதிவான வீட்டிற்கு முதல் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும், ஆண்டு நிறைவிலும் பயிற்சி பெற்ற ஒருவர் செல்லட்டும். அவருக்கு அந்தப் பயிற்சியும், அமர்ந்து கேட்பதற்கான நேரமும், அதற்குரிய ஊதியமும் கொடுக்கப்படட்டும். கூடுதல் உதவி தேவைப்படுவோர் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரிடம் அனுப்பப்படட்டும். இதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித்தொகை எழுதப்படட்டும்.

ஆதித் திருச்சபையில் சில விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, அப்போஸ்தலர் அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லவில்லை. ஏழு பேரை அப்பணிக்கென்றே நியமித்தார்கள். அன்பு நிலைத்திருக்க ஓர் ஒழுங்கு வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஊராட்சிகளில் வசிப்போர் வருகிற கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கோரிக்கையாக வையுங்கள். நகரத்தில் வசிப்போர் உங்கள் மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் பேசுங்கள். அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். நம் சபையின் அடக்கப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆறாம் மாதத் தேதியையும் ஓராண்டுத் தேதியையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அந்நாட்களில் என்னோடு வர விரும்புவோர் ஆராதனைக்குப்பின் பெயர் கொடுங்கள். ஒரே நிபந்தனை: முதலில் கேட்போம், அவர்கள் விரும்பினால் பின்பு ஜெபிப்போம்.

ஜெபம்: லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்ட ஆண்டவரே, உயிர்த்தெழுதலை அறிந்திருந்தும் அழுவதற்கு நீர் தயங்கவில்லை. துக்கிக்கிறவர்களின் வீட்டில் அமர்ந்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். எங்களை ஆளுகிறவர்களுக்கு, துக்க வீட்டின் வாசல்வரை வரும் இரக்கத்தைத் தாரும். ஆமென்.