மைதானத்தைத் திறந்து விடுங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

விடியற்காலை 5 மணிக்குப் புறவழிச்சாலைப் பக்கம் போனால் இருட்டில் நாலைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். உடம்பு இளைக்க ஓடுகிறவர்கள் இல்லை. வேலைக்காக ஓடுகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ராணுவத்துக்கு 1,600 மீட்டர். பெண்களுக்கும் ஓட்டம் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். டிரைவர் ஆளைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவருக்குக் கண் சொருகுகிற நேரமும் அதுதான். கறுப்பு டி-ஷர்ட்டும் காதில் இயர்போனுமாக, வண்டிக்கு முதுகைக் காட்டி ஓடும் பிள்ளை என்ன செய்ய முடியும்?

100 வயதில் டொராண்டோ மராத்தானை ஓடி முடித்த பௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தன் ஊருக்குப் பக்கத்துச் சாலையில் கார் மோதி இறந்தார். அடித்த கார் நிற்கவில்லை. உலகமே அறிந்த ஓட்டக்காரருக்கே அந்தக் கதி.

பிள்ளைகளே, சாலையில்தான் ஓடியாக வேண்டும் என்றால் இவற்றை மறக்காதீர்கள்:

வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். வெள்ளை பனியன் போடுங்கள், ஒளிரும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. இயர்போன் வீட்டிலேயே இருக்கட்டும். தனியாகப் போகாதீர்கள். கூட்டமாகப் போனாலும் ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி அசையாமல் நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய் ஊசி போடுங்கள்.

ஆனால் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா? அதே ஊரில் அரசுப் பள்ளி மைதானம் பூட்டிக் கிடக்கிறது. 200 மீட்டர் சுற்று போட இடம் இருந்தால் ஏழரைச் சுற்றில் 1,500 மீட்டர் முடிந்துவிடும். சாலை என்றால் பெண் பிள்ளையை இருட்டில் அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அந்தப் பெண் தேர்வுக்கு முன்பே தோற்றுப்போகிறாள். பள்ளி மைதானம் என்றால் அம்மாவும் கூட வந்து உட்கார்ந்திருப்பார்.

பூட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. ராத்திரியில் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், குழாயைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொறுப்பை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். காலை 5 முதல் 7 வரை மட்டும் திறக்கட்டும். ஓட வரும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பள்ளியில் இருக்கட்டும். சாவிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். வாசலில் ஒரு விளக்கை ஊராட்சி போட்டுக் கொடுக்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

அடுத்த கிராம சபையில் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு உட்காராதீர்கள், தீர்மானமாக எழுத வையுங்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும்.