விளையாட்டு வீரரும் நம் பிள்ளைகளும்

உதைபந்தாட்டப் பருவம் முடிவடையும் வேளையில் இங்கிலாந்தின் கழகங்கள் பலவும் தம் ஆதரவாளர்களுக்கென ஓர் ஒன்றுகூடலை நடத்துவது வழக்கம். ஆண்டின் சிறந்த வீரருக்கு அன்று விருது வழங்கப்படும், விருந்து நடைபெறும், வீரர்கள் ஆதரவாளர்களோடு கலந்து உரையாடுவர். நம் பிள்ளைகளுள் சிலர் அதற்குச் செல்ல அனுமதி கேட்கின்றனர். "பந்தடிக்கிற ஆக்களைப் பார்த்து என்ன வரப்போகுது? சோதினை வருகுது, இருந்து படி" என்பதே பல வீடுகளில் கிடைக்கும் விடையாகும். அவ்விடை முற்றிலும் சரியானதன்று என்பதே எனது கருத்து.

ஒரு காலத்தில் வீரரைச் சந்திப்பதற்கு விழா எதுவும் தேவைப்படவில்லை. 1961ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் ஒரு வீரர் பெறக்கூடிய அதியுயர் சம்பளம் லீக் விதிகளால் வரையறுக்கப்பட்டிருந்தது. இறுதியில் அது வாரத்துக்கு 20 பவுண் மட்டுமே. இங்கிலாந்து அணியின் புகழ்பெற்ற வீரரான ரொம் ஃபின்னி, பிரெஸ்ரன் நகரில் நீர்க்குழாய் பொருத்தும் தொழிலையும் செய்துவந்தார். வீரர்கள் பலர் ஆதரவாளர்கள் வாழ்ந்த தெருக்களிலேயே வாழ்ந்தனர். 1961இல் அவ்வரையறை நீக்கப்பட்டதும் ஃபுல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுண் பெறலானார். உழைப்புக்கேற்ற ஊதியத்தை வீரர்கள் கேட்டது நியாயமே. எனினும், 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபின் தொலைக்காட்சிப் பணம் பெருகப் பெருக, பெருங்கழகங்களின் வீரர்கள் சாதாரண மக்களுக்கு எட்டாத தொலைவுக்குச் சென்றுவிட்டனர். சிறிய கழகங்களின் ஒன்றுகூடல்களே இன்று எஞ்சியுள்ள வாயில்கள் எனலாம்.

அவ்வாயிலின் பெறுமதியை உணர்வதற்கு விம்பிள்டன் கழகத்தின் வரலாறு உதவும். 1988இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றிய கழகம் அது. அதனை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்ட்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்ல உரிமையாளர்கள் முனைந்தனர். 2002 மே மாதம் அதற்கு அனுமதியும் கிடைத்தது. ஆதரவாளர்கள் அழுது ஓய்ந்துவிடவில்லை. சில வாரங்களுக்குள் தாமே ஒரு புதிய கழகத்தை நிறுவினர். விம்பிள்டன் பொதுவெளியில் வீரர்த் தெரிவு நடத்தியபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்து பந்தாடிக் காட்டினர். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் எனப் பெயர் பெற்ற அக்கழகம், கீழ்நிலை வட்டாரப் போட்டிகளில் தொடங்கி, ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், உதைபந்தாட்ட லீக்கினுள் நுழைந்தது. 2020 நவம்பரில் தன் பழைய இருப்பிடமான பிளவ் லேனுக்குத் திரும்பியது. ஆதரவாளர் அமைப்பில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு. ரூட்டிங், மிச்சம், நியூ மோல்டன் என நம்மவர் செறிந்து வாழும் பகுதிகளுக்கு நடுவே நிகழ்ந்த வரலாறு இது.

இத்தகைய கழகத்தின் விழாவில் வீரர் ஒருவரின் கையைப் பற்றும் ஆதரவாளர், கடவுளைக் கண்ட பக்தர் அல்லர். தம் கழகத்துக்காக உழைப்பவரைச் சந்திக்கும் பங்காளர் ஆவார். இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். திரைப்பட நாயகரின் உருவப்படத்துக்குப் பாலூற்றும் இரசிகரைக் கண்ட சமூகம் நமது சமூகம். மறுபுறத்தில், குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் ஊர்க் கழகங்களைத் தோளில் சுமந்த சமூகமும் நமதேயாகும். அங்கே ஆடியவர் அயல்வீட்டுப் பிள்ளை. வென்றால் ஊரே கொண்டாடியது. தவறவிட்டால் அன்று மாலையே சந்தியில் நின்று காரணம் கேட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் இம்மண்ணில் நம் பிள்ளைகள் தேடுகின்றனர்.

பெற்றோரின் அச்சங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. மது பரிமாறப்படும் மண்டபத்துக்குப் பிள்ளையைத் தனியே அனுப்ப எவர்தான் துணிவர்? ஆகவே உடன் செல்லுங்கள். மைதானங்களில் நிறவெறிக் கூச்சல் கேட்ட காலத்தைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். அதற்கெதிரான இயக்கம் 1993இல் தொடங்கப்பட்டது. ஆயினும் அந்நோய் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆனால் நாம் ஒதுங்கி நிற்பதனால் அது குறையப்போவதில்லை. உறுப்பினராகச் சேர்ந்து, சந்தா செலுத்தி, கூட்டத்தில் எழுந்து பேசும் ஒருவரை அந்நியர் என்று ஒதுக்குவது எளிதன்று. தமிழ் வகுப்பும் ஆட்டமும் சனிக்கிழமையில் மோதுகின்றன என்பதும் உண்மையே. வகுப்பை விட்டுவிட்டு ஆட்டத்துக்குச் செல்லுமாறு நான் கூறவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒன்றுகூடலுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம் என்றே கூறுகின்றேன்.

வேறொரு வகைப் பெற்றோரும் உளர். 2023இல் விமல் யோகநாதன் என்ற இளைஞர் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணியில் களமிறங்கியபோது நாம் அனைவரும் பெருமை கொண்டோம். உடனே தம் மகனும் அவ்வாறே வரவேண்டுமெனச் சிலர் கனவு காணத் தொடங்கினர். கனவு காண்பதில் தவறில்லை. ஆனால் கழகங்களின் பயிற்சிக்கூடங்களில் சேரும் சிறுவருள் மிகச் சிலரே தொழில்முறை வீரராகின்றனர். வீரர்களோடு நேரிற் பேசும் பிள்ளை இவ்வுண்மையை அவர்கள் வாயாலேயே கேட்டறியும். முழங்கால் காயத்தால் பல மாதங்கள் படுத்திருந்தவர், ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஆண்டு எங்கு ஆடுவதென அறியாதவர், ஆட்டத்தோடு படிப்பையும் தொடர்பவர் ஆகிய யாவரும் அங்கிருப்பர். தொலைக்காட்சி காட்டாத பக்கம் இது. நாம் ஆயிரம் முறை சொல்லியும் ஏறாத புத்தி, அவர் ஒரு முறை சொன்னால் ஏறக்கூடும்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்குச் சில வார்த்தைகள். வீரரைக் கண்டதும் படம் எடுப்பதற்காக முண்டியடிக்காதீர்கள். கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடவும் வேண்டாம். அவரிடம் கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வியை ஆயத்தம் செய்து செல்லுங்கள். எத்தனை கோல் அடித்தார் என்பதை எங்கும் அறியலாம். தோற்ற நாளின் மறுநாட் காலையில் எவ்வாறு பயிற்சிக்குச் சென்றார் என்பதை அவர் மட்டுமே கூற முடியும். புல்தரையைப் பேணுபவருக்கும் சீருடைகளைத் துவைப்பவருக்கும் நன்றி கூற மறவாதீர்கள். வீரர் உங்கள் பெயரைக் கேட்டால், அதனை வெட்டிச் சுருக்காமல் முழுமையாகச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எவ்வாறு உச்சரிப்பதெனக் கற்றுக்கொடுங்கள். உங்கள் பெயர் அந்த மண்டபத்தில் ஒலிப்பதற்கு உரிமையுள்ள பெயர்.

இந்தத் தமிழ்ப்பள்ளியும் ஒருவகையில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனைப் போன்றதே. இதற்கும் செல்வந்த உரிமையாளர் எவருமிலர். ஊதியம் கருதாத ஆசிரியரும் பெற்றோருமே இதனைத் தாங்கி நிற்கின்றனர். தம் கையால் ஒன்றைக் கட்டிக் காப்போரின் மனத்தை விளங்கிக்கொள்வது நமக்குக் கடினமன்று. அடுத்த ஆண்டு நமது விளையாட்டுப் போட்டிக்கு உள்ளூர்க் கழகத்தின் வீரர் ஒருவரைப் பிரதம விருந்தினராக அழைப்போமாக. அவர்களின் ஒன்றுகூடலுக்கு நாமும் குடும்பத்தோடு செல்வோமாக. ஊரோடு உறவு கொள்ளாமல் ஓர் ஊரில் வேரூன்ற இயலாது. அவ்வுறவை வளர்க்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.